குனிந்தால் திரையில் சிவப்புக் கோடு வருகிறது, நான் என்ன செய்வது?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு 46 வயது. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை. நான்கு வருடமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4–எல்5 இடத்தில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, தேய்மானமும் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஆபரேஷன் தேவையில்லை, உடற்பயிற்சி செய்தால் போதும் என்றார் மருத்துவர். ஆனாலும் பயத்தில் குனிவதையே நிறுத்திவிட்டேன். கீழே விழுந்த பேனாவைக்கூட மகன்தான் எடுத்துத் தருகிறான். போன மாதம் என் தம்பி போனில் ஓர் ஆக்மென்டட் ரியாலிட்டி உடற்பயிற்சிச் செயலியைப் போட்டுக் கொடுத்தான். போனை ஸ்டாண்டில் வைத்துவிட்டு எதிரே நின்றால், திரையில் என் உருவத்தின் மேலேயே ஒரு கோடு வருகிறது. நிமிர்ந்து நின்றால் நீலம். முதுகு வளைந்தால் சிவப்பாகி 'பீப்' அடிக்கிறது. மூன்று வாரமாகச் செய்கிறேன். வலி குறையவில்லை. இப்போது செயலி இல்லாத நேரத்திலும் எனக்குச் சிவப்புக் கோடு தெரிகிற மாதிரி இருக்கிறது. அது வரும்போதெல்லாம் உள்ளே ஏதாவது கெட்டுப்போகிறதா? தலையில் மாட்டினால் கண்முன்னே காட்சி காட்டும் ஹெட்செட் வாங்கினால் இன்னும் துல்லியமாக இருக்கும் என்கிறான் தம்பி. அமெரிக்காவில் அரசே இதற்கு அனுமதி கொடுத்துவிட்டதாமே?

பதில்:

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். ஊசி போடுவதோ மாத்திரை எழுதுவதோ என் வேலை இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது முழுக்க என் வேலைக்குள் வருகிற விஷயம்.

சிவப்புக் கோடு வந்தால் உள்ளே எதுவும் கெட்டுப்போவதில்லை. இதைத் தைரியமாகச் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால், அந்தக் கேமராவுக்கு உங்கள் முதுகெலும்பே தெரியாது. இந்த மாதிரிச் செயலிகள் படத்தில் உங்கள் மூட்டுகள் எங்கே இருக்கின்றன என்று ஊகித்துப் புள்ளி வைக்கின்றன. பரவலாகப் பயன்படும் கூகுளின் மீடியாபைப் மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். தலையிலிருந்து கால்வரை 33 புள்ளிகள் வைக்கிறது. முகத்துக்கு மட்டும் 11. முதுகெலும்பின்மேல்? ஒன்றுகூட இல்லை. தோள்களில் இரண்டு, இடுப்பில் இரண்டு, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் முதுகு அதற்கு வெறும் நேர்கோடு. நீங்கள் முதுகை வளைத்துக் குனிகிறீர்களா, முதுகை நேராக வைத்துக்கொண்டு இடுப்பு மூட்டில் மடிகிறீர்களா என்பதை அந்த நான்கு புள்ளிகளை வைத்துச் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. போதாக்குறைக்குத் தொளதொள சட்டை, மங்கலான வெளிச்சம், போன் கொஞ்சம் சாய்ந்திருப்பது, எல்லாமே அந்தக் கோட்டை நகர்த்திவிடும்.

சரி, துல்லியமாகவே அளக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முதுகு வளைந்தது ஒரு குற்றமா? முதுகெலும்பு வளைவதற்காகவே இருக்கிற உறுப்பு. இடுப்புப் பகுதியில் மட்டும் ஐந்து எலும்புகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஜவ்வு. ஒரே கம்பியாக நிற்கத்தான் வேண்டும் என்றால் இத்தனை துண்டு எதற்கு? இந்த உலகத்தில் சாக்ஸ் போடுகிற ஒவ்வொருவரும் அந்தச் செயலியைப் பொறுத்தவரை சிவப்புதான்.

உங்கள் எம்.ஆர்.ஐ. பற்றி. அந்த அறிக்கையைப் படித்த அன்றுதான் குனிவதை விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2015-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வலி இல்லாத 40 வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. 50 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுக்கம். 50 வயதில் அது 80, 60 சதவீதமாகிறது. அதாவது உங்கள் வயதில், ஒரு வலியும் இல்லாமல் நடமாடுகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரை அந்த எந்திரத்துக்குள் படுக்கவைத்தால் உங்கள் அறிக்கையில் உள்ள அதே வரிதான் வரும். தலைமுடி நரைத்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் நீங்கள் பயந்திருக்க மாட்டீர்கள். ஜவ்வு பிதுங்கியிருப்பதால் வலியே வராது என்று சொல்ல வரவில்லை. சிலருக்கு அது நரம்பை அழுத்தி, காலில் சுரீரென்று இறங்கும் வலியைத் தரும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

அப்படியானால் நான்கு வருடமாக வலிப்பது எதனால்? மூன்று மாதத்தைத் தாண்டிய முதுகு வலியை நாள்பட்ட வலி என்கிறோம். முதுகு வலிக்காரர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, இதுதான் காரணம் என்று ஓர் இடத்தைத் தொட்டுக் காட்ட முடியாது. நாள் ஆக ஆக, வலி என்பது திசு தரும் செய்தியாக மட்டும் இருப்பதில்லை. மூளை அந்த இடத்துக்குக் காவல் போடுகிறது; காவல்காரன் வரவர அதிகமாகப் பயப்படுகிறான்; பூனை நடந்தாலும் விசில் ஊதுகிறான். வலி நிஜம், விசில் சத்தமும் நிஜம். திருடன்தான் இல்லை. இதைச் சொன்னால் 'அப்போ எல்லாம் என் கற்பனையா?' என்று சிலர் கோபப்படுவார்கள். கற்பனை இல்லை. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்திய வரையறையே, வலியைப் புலனும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்றுதான் சொல்கிறது. திசுவில் உண்மையாகவே சேதம் இருந்தால்தான் வலி என்று அது கேட்பதில்லை.

ஆக்மென்டட் ரியாலிட்டிக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. இங்கேதான் அது கெடுத்தும்விடுகிறது.

கண்ணில் படுவது வலியை மாற்றும் என்பதற்கு எனக்குப் பிடித்த இரண்டு ஆய்வுகள் உண்டு, இரண்டுமே ஆஸ்திரேலியாவில் நடந்தவை. முதலாவது 2012-ல். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 25 பேரைத் திரும்பத் திரும்ப முதுகை அசைக்கச் சொன்னார்கள். ஒரு முறை, கண்ணாடிகளை வைத்து அவர்களுடைய முதுகு அவர்களுக்கே தெரியும்படி. இன்னொரு முறை தெரியாதபடி. அதே முதுகு, அதே அசைவு. முதுகைப் பார்த்துக்கொண்டே அசைத்தபோது வலி குறைவாக இருந்தது, சீக்கிரமும் அடங்கியது. எத்தனை பேர் தங்கள் முதுகு அசைவதை வாழ்க்கையில் ஒரு முறையாவது பார்த்திருப்போம், சொல்லுங்கள்.

இரண்டாவது 2015-ல், கழுத்து வலி உள்ள 24 பேரிடம். தலையில் ஹெட்செட் மாட்டி, கழுத்தைத் திருப்பச் சொன்னார்கள். இதில் ஒரு தந்திரம். நிஜமாகத் திரும்பிய அளவைவிடக் குறைவாகத் திரும்பியதுபோல் காட்சி காட்டினால், வலி ஆரம்பிக்கும் முன் சராசரியாக 6 சதவீதம் கூடுதலாகத் திருப்ப முடிந்தது. அதிகமாகத் திரும்பியதுபோல் காட்டினால் 7 சதவீதம் முன்னதாகவே வலி வந்துவிட்டது. கழுத்து மாறவில்லை, காட்சிதான் மாறியது.

இப்போது உங்கள் சிவப்புக் கோட்டை நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே பயந்துபோன காவல்காரனிடம், நீங்கள் அசையும் ஒவ்வொரு முறையும் 'ஆபத்து, ஆபத்து' என்று போர்டு பிடித்துக் காட்டுகிறது அது. மூன்று வாரமாக, கூடவே 'பீப்'. செயலி இல்லாதபோதும் அந்தக் கோடு தெரிவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அதைச் செய்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் முதுகைச் 'சரியாக' வைத்துக்கொள்ளக் கற்றுத்தருவதுதான் சிகிச்சை என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் துறையும் பல வருடம் அப்படித்தான் நினைத்தது. நானே எத்தனையோ பேரிடம் 'குனியாதீர்கள்' என்று சொல்லியிருக்கிறேன். அதற்காக இப்போது வருத்தப்படுகிறேன்.

அமெரிக்க அனுமதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் படித்தது இரண்டில் ஒன்றாக இருக்கும். முதலாவது, அறுவை சிகிச்சை நிபுணர் போட்டுக்கொள்ளும் கண்ணாடி. நோயாளியின் ஸ்கேன் படத்தை அவர் உடல்மேலேயே காட்டும், முதுகெலும்பில் திருகு பதிக்கும்போது இடம் தவறாமல் இருக்க உதவும். 2019 இறுதியில் அதற்கு அனுமதி கிடைத்தது. அது ஆக்மென்டட் ரியாலிட்டிதான், ஆனால் உங்களுக்கானது இல்லை. இரண்டாவது, 2021 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதித்த ஈஸ்விஆர்எக்ஸ் என்ற கருவி. இது நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கே ஆனது. ஆனால் ஆக்மென்டட் இல்லை, வெர்ச்சுவல் ரியாலிட்டி: சுற்றியிருக்கும் அறை மறைந்து வேறொரு உலகம் தெரியும். ஆக்மென்டட் என்றால் உங்கள் அறை அப்படியே இருக்கும், அதன்மேல் ஏதாவது கூடுதலாகத் தெரியும்.

அந்தக் கருவிக்குள் என்ன இருந்தது என்பதைத் தம்பியிடம் சொல்லுங்கள். முதுகை நிமிர்த்து என்று சொல்லும் கோடு எதுவும் இல்லை. எட்டு வாரத்துக்கு, நாளுக்கு ஒன்றாக 56 சின்னப் பாடங்கள். மூச்சுப் பயிற்சி, தசையைத் தளர்த்துவது, கவனத்தை வேறு பக்கம் திருப்புவது, வலி எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம். 179 பேரிடம் சோதித்தார்கள். வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று சொன்னவர்கள் 66 சதவீதம். முப்பரிமாணம் இல்லாத சாதாரணக் காட்சியைப் பார்த்த மற்றக் குழுவில் 41 சதவீதம். வித்தியாசம் நல்ல வித்தியாசம்தான். ஆனால் அந்த 41-ஐயும் கவனியுங்கள். ஐந்தில் ஒருவருக்கு ஹெட்செட் அசௌகரியமாக இருந்தது, பத்தில் ஒருவருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்தன என்பதையும் அந்த நிர்வாகமே எழுதி வைத்திருக்கிறது.

ஆக்மென்டட் ரியாலிட்டியை மட்டும் தனியாக எடுத்தால், வலியில் அது நன்றாகப் பெயர் வாங்கியது வேறோர் இடத்தில். கையை இழந்தவர்களுக்கு, இல்லாத கையில் வலிக்கும். தொண்ணூறுகளில் நரம்பியல் விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி அந்த வலியைக் குறைத்துப் பார்த்தார். 2016-ல் அதன் அடுத்த கட்டமாக, நாள்பட்ட வலியில் இருந்த 14 பேருக்குத் திரையில் அவர்கள் உடலோடு ஒரு கையைப் பொருத்திக் காட்டினார்கள்; மிச்சமிருக்கும் தசைகளின் மின்சமிக்ஞையை வைத்து அதை அவர்களே அசைத்தார்கள். 12 அமர்வுகளுக்குப் பிறகு வலி ஏறக்குறையப் பாதியானது. சின்ன ஆய்வுதான். இடுப்பு வலிக்கு ஆக்மென்டட் ரியாலிட்டியை வைத்து நடந்தவையும் பெரும்பாலும் சின்ன ஆய்வுகளே. இதை நம்பிப் பெரிய செலவில் இறங்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கருவி விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். 2023-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் நாள்பட்ட முதுகு வலி உள்ள 492 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தது. இன்னொரு குழுவுக்குப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் உட்கார்ந்து பேசி, அவரவர் எதற்குப் பயப்படுகிறாரோ அந்த அசைவையே தளர்வாகச் செய்யப் பழக்கி, வாழ்க்கைக்குள் கொண்டுபோகச் சொல்லித் தந்தார். மூன்றாவது குழுவுக்கும் அதேதான். கூடவே முதுகில் சென்சார் ஒட்டி, அசைவை அளந்து காட்டினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு சிகிச்சைக் குழுக்களும் வழக்கமான சிகிச்சையை நன்றாகவே முந்தியிருந்தன. சென்சார் ஒட்டியவர்களுக்கும் ஒட்டாதவர்களுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. முதுகு எவ்வளவு வளைந்தது என்ற துல்லியமான கணக்கு யாரையும் குணப்படுத்தவில்லை. பயந்த அசைவைத் திரும்பச் செய்ததுதான் உதவியது.

அதனால் உங்களிடம் இருக்கும் செயலியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அமைப்புகளில் போய் அந்தக் கோட்டையும் 'பீப்' சத்தத்தையும் அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாது என்றால் அந்தச் செயலி வேண்டாம். பந்து, பலூன் என்று அறையில் எதையாவது மிதக்கவிட்டு அதைக் கையால் தொடச் சொல்லும் விளையாட்டு வகை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இலக்கு முக்கியம், தோரணை வேண்டாம். கையை நீட்டிப் பலூனைத் தொடும்போது மனசு பலூனில் இருக்கும். முதுகு தன் பாட்டுக்கு வளையும். 'குனி' என்று சொன்னால் கல்லாக இறுகும் முதுகு, 'அதைத் தொடு' என்றால் இளகுவதை என் வேலையில் பலமுறை பார்த்திருக்கிறேன். பலகாலம் குனியாதவர் ஒருவர் தரையில் உருளும் பந்தைத் தட்டிவிட்டு, அப்புறம்தான் தான் குனிந்ததையே உணர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முதல் சில நாட்கள் இலக்கு மார்பு உயரத்தில் இருக்கட்டும். அப்புறம் இடுப்பு, தொடை, முட்டி. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். செய்யும்போது கொஞ்சம் வலி கூடலாம். பத்துக்கு மூன்று நான்கு வரை போய், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அது சரியான அளவு. இறங்கவில்லை என்றால் எதுவும் உடைந்துவிட்டதாக அர்த்தம் இல்லை, அடுத்த முறை குறைவாகக் குனிந்தால் போதும்படி இலக்கை ஒரு படி உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள். நீங்கள் பிடித்துக்கொண்டுதான் செய்வீர்கள் என்று தெரியும், அதனால் தொடும்போது வாய்விட்டு எண்ணுங்கள். உங்கள் முதுகைப் பார்க்கவும் ஆசை இருந்தால், போனைப் பின்பக்கம் வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். கோடு இல்லாமல், வெறும் முதுகு.

ஒவ்வொரு தடவையும் விளையாட்டை அணைத்த உடனேயே அதே உயரத்தில் நிஜமான ஒரு பொருளை ஐந்து முறை எடுத்து வையுங்கள். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பொழுதுபோக்குதான். திரை முன்னால் மட்டும் குனியத் தெரிந்த முதுகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாலைந்து வாரத்தில் திரை நேரம் குறைந்து நிஜப் பொருள் நேரம் கூட வேண்டும்.

ஹெட்செட்? வாங்க வேண்டாம். அதன் கேமராக்கள் உங்கள் தலையிலிருந்து வெளியே பார்க்கின்றன, உங்கள் முதுகைப் பார்ப்பதில்லை. தலையும் கையும் இருக்கும் இடத்தை வைத்து உடம்பை ஊகிக்கின்றன. துல்லியம் என்று தம்பி சொல்வது இந்த விஷயத்தில் தப்பு. அறையில் பந்தை மிதக்கவிடுவதில் ஹெட்செட் போனைவிட நன்றாக இருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெட்டா குவெஸ்ட் 3-ஐ எடுத்தால் 515 கிராம், அதில் பெரும்பகுதி முகத்துக்கு முன்னால். குனியும்போது அந்த எடையைக் கழுத்து தாங்க வேண்டும். யாராவது இரவல் கொடுத்தால் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள், பக்கத்தில் ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு. வலிப்பு நோயோ, நிலைதடுமாற்றமோ இருந்தால் அதுவும் வேண்டாம்.

நிமிராவிட்டால் அதிரும் பட்டை, இடுப்பு பெல்ட் இதெல்லாமும் நீங்கள் வாங்கிப் பார்த்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட முதுகு வலி வழிகாட்டுதலில், பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். விளக்கம், உடற்பயிற்சி, மனம் சார்ந்த சிகிச்சை போன்றவற்றைப் பரிந்துரைத்தார்கள். நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகு வலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரை வைத்து 2024-ல் வந்த ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் உதவியோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வருவதற்கு இடைநிலைக் கணக்கில் 208 நாள் ஆனது, அந்த உதவி கிடைக்காதவர்களுக்கு 112. உங்களுக்கு வலி இன்னும் போகவில்லை என்பதால் அந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனாலும் நடைக்குச் செயலியும் வேண்டாம், சார்ஜரும் வேண்டாம்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு விலக்கு. பிறப்புறுப்பைச் சுற்றியோ தொடையின் உட்பக்கமோ மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, கால் பலமிழந்து இழுபடுவது, இவற்றில் எது வந்தாலும் பலூனும் வேண்டாம் பந்தும் வேண்டாம், அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வலியோடு காய்ச்சல், காரணம் தெரியாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டபின் வந்த வலி என்றாலும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

பக்கத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டை ஓரிரு முறை நேரில் பார்க்க முடிந்தால் நல்லது. அவரிடம் இந்தச் செயலியைக் காட்டுங்கள். 'குனியவே கூடாது' என்று அவரும் சொன்னால் இன்னொருவரைப் பாருங்கள். மகனிடமும் சொல்லிவிடுங்கள்: அடுத்த முறை பேனா விழுந்தால் அவன் சும்மா இருக்கட்டும்.